எண்பத்தொரு இதழும் ஓர் அடிக்கோலும்

டிசம்பர் 21, சனி

இன்று குளிர்காலம் தொடங்குகிறதாம். மலேசியாவில், தைப்பிங்கில். வெளியே முப்பத்தொரு டிகிரி. மூன்று மணிக்கு வழக்கம்போல் மழை.

வகுப்பில் மிஸ் லூய் ஆளுக்கொரு நீளத் தாள் கொடுத்தார். பழைய சீனத்தில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளில், படித்தவர்கள் மையால் ஒரு பிளம் கிளை வரைவார்கள். ஒன்பது பூ, பூவுக்கு ஒன்பது இதழ். வெறும் கோடு, உள்ளே வெள்ளை. அன்றிலிருந்து நாளுக்கு ஓர் இதழுக்குச் சிவப்பு பூசுவார்கள். எண்பத்தொன்றும் சிவந்தால் குளிர் போய்விட்டது என்று பொருள்.

"இங்க குளிரே இல்லியே மிஸ்" என்றார் ஹார்ட்வேர் கடை தியோ.

"சொத்தைப் பல்லு மாதிரி அங்கிள். வெளியே தெரியாது. உள்ளே இருக்கும்" என்றார் மிஸ் லூய். வார நாள்களில் அவர் அரசாங்கக் கிளினிக்கில் பல் நர்ஸ். சனிக்கிழமை காலையில் பாசார் சந்தைக்குப் பின்னால் உள்ள சீனக் குலச் சங்க மாடியில் எங்களுக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லித் தருகிறார். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

நான் விரும்பிச் சேரவில்லை. ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தெட்டு. டாக்டர் ஏதாவது பொழுதுபோக்கு வேண்டும் என்றார். மனைவி விசாலம் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஆனால் இந்த ஆறு மாதத்தில் ஒன்று புரிந்தது. இந்தக் கிளைகளை வரைந்தவர்கள் ஓவியர்கள் அல்லர். படித்தவர்கள், பதவி மறுக்கப்பட்டவர்கள், தகுதியற்றவனுக்குக் கீழே வேலை செய்ய மனமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டவர்கள். பனியில் தனியாகப் பூக்கும் பிளம் அவர்களே. முப்பத்திரண்டு ஆண்டு வரலாறு கற்பித்துவிட்டுத் தலைமையாசிரியராகாமல் விருப்ப ஓய்வில் வந்த ஒருவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தாளின் நான்கு பக்கமும் முதலில் பென்சிலால் மார்ஜின் போட்டேன். இடப்பக்கம் ஒன்றேகால் அங்குலம். என் எஃகு அடிக்கோல் எப்போதும் பையில் இருக்கும்.

"சிக்கு, இது பரீட்சைத் தாள் இல்ல. கிளைக்கு மார்ஜின் தெரியாது" என்றார் மிஸ் லூய். மலாயில் 'சிக்கு' என்றால் ஆசிரியர்; வகுப்பில் எல்லாருக்கும் நான் 'சிக்கு'தான்.

"தெரிய வைக்கலாம்" என்றேன்.

இடப்பக்க மேல் மூலையைக் காலியாக விடச் சொன்னார். அது வரைபவனின் இடம் இல்லையாம், நண்பனின் இடமாம். படம் முடிந்ததும் நண்பன் ஒருவன் அங்கே இரண்டு வரி எழுதித் தர வேண்டும். மார்ச் பதினைந்தாம் தேதி கீழே மண்டபத்தில் எல்லாவற்றையும் மாட்டுகிறார்கள். நண்பன் எழுதாத படத்தை மாட்டமாட்டார்.

வீட்டுக்கு வந்து முதல் இதழுக்குச் சிவப்பு பூசினேன். சிவப்பு மை என்றதும் கை தானாக நிதானத்துக்கு வந்தது. அப்போதுதான் தோன்றியது: வெறுமனே எதற்குப் பூச வேண்டும்? எண்பத்தொரு நாள், எனக்குத் தீங்கு செய்தவர்கள் எண்பத்தொரு பேர். முதல் இதழ், நேர்முகத்தில் நான் பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்த அதிகாரிக்கு.

டிசம்பர் 22, ஞாயிறு

இரண்டாவது இதழ்: என் மைத்துனன் ஞானசேகர். "வாத்தியார் வேலைதானே மாமா, பாதி வருஷம் லீவு."

டிசம்பர் 25, புதன்

ஐந்தாவது: என் பாடக்குறிப்பை நகலெடுத்து விருது வாங்கிய இளம் ஆசிரியை.

முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் அன்று அடைக்கலசாமி வீட்டிலிருந்து பழக் கேக் வரும். ஒரே பள்ளியில் பத்தொன்பது ஆண்டு. அவன் தமிழ், நான் வரலாறு. ஊரில் எந்தக் கல்யாணப் பெயர்ப்பலகையானாலும் அவன் கையெழுத்துதான். பதினோரு ஆண்டாக அவன் என்னோடு பேசுவதில்லை. எங்கள் பள்ளித் தலைமைப் பதவிக்கு இருவர் பெயரும் போனது; இருவருக்கும் கிடைக்கவில்லை; ஈப்போவிலிருந்து ஒரு அம்மையார் வந்தார். அவனுக்கு வரவேண்டியது வராமல் போனதற்கு நான் காரணம் என்று அவனுக்கு ஒரு சந்தேகம். ஆதாரம் கிடையாது. ஆதாரமில்லாத குற்றச்சாட்டு எதற்குச் சமம் என்று வரலாறு படித்தவனுக்குத் தெரியும்.

எண்பத்தொன்றாவது இதழை அவனுக்கென்று வைத்திருக்கிறேன்.

கோப்பியோடு விசாலம் கேக் வைத்தாள். கடையில் வாங்கினாளாம். நன்றாக இருந்தது. நீல டப்பா. ஒவ்வொரு ஆண்டும் இதே கடை போலிருக்கிறது.

ஜனவரி 4, சனி

என் கிளை பள்ளிக்கூட நேர அட்டவணை போல இருக்கிறதாம். "எல்லாம் சரியா இருக்கு சிக்கு. ஒண்ணுகூட மூச்சு விடல." இளங்கொம்பை முழங்கையிலிருந்து ஒரே வீச்சில் இழுக்க வேண்டும், நடுவில் யோசிக்கக் கூடாது என்றார். யோசிக்காமல் செய்பவர்களைத்தான் நாட்டில் பதவியில் வைத்திருக்கிறார்கள் என்றேன். தியோ மட்டும் சிரித்தார்.

பிறகு முத்திரை. ஆளுக்கொரு கல், அதில் அவரவர் பெயரைச் செதுக்க வேண்டும். தியோ கேட்டார், "பேரு போடாம விட்டா என்ன மிஸ்?"

"வரைஞ்சவன் ஒளிஞ்சுக்கிட்டான்னு அர்த்தம்."

வகுப்பில் மின்விசிறி சரியாக ஓடவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கல் அங்கேயே இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இருபத்தைந்தாவது இதழும் ஞானசேகருக்கே. ஒருவனுக்கு இரண்டு இதழ் தரலாமா என்று யோசித்தேன். அவன் வந்து சாப்பிட்டுப் போன விதத்தைப் பார்த்தபின் மூன்றுகூடத் தரலாம்.

ஜனவரி 29, புதன்

சீனப் புத்தாண்டு. நாற்பதாவது இதழ். எழுதவே வெட்கமாக இருக்கிறது: 1998-இல் என் குடையை எடுத்துப் போன நூலகர்.

முப்பத்தெட்டாவது, பக்கத்து வீட்டு நாய்க்குப் போனது. முப்பத்தொன்பதாவது, நாயை வைத்திருப்பவருக்கு.

பிப்ரவரி 3, திங்கள்

யாரும் கிடைக்கவில்லை. இதழைப் பூசாமல் விட்டால் கணக்கு தவறும், பூசினேன். பெயர் பின்னர்.

பிப்ரவரி 8, சனி

தியோ தன் படத்தோடு நான்கு நண்பர்களையும் கூட்டி வந்துவிட்டார். முடியாத படத்தில் யார் எங்கே எழுதுவது என்று மாடிப்படியிலேயே சண்டை. ஒருவர் தச்சர், ஒருவர் மீன் வியாபாரி. தியோவின் கிளை வெண்டைக்காய்ச் செடி போல இருக்கிறது. அதில் எழுத நான்கு பேர்.

"உங்களுக்கு யாரு சிக்கு?" என்றார் மிஸ் லூய்.

"நானே எழுதிக்கிறேன். பழைய அறிஞர்கள் அப்படியும் செஞ்சிருக்காங்க. படிச்சேன்."

"செஞ்சிருக்காங்க. என் வகுப்புல இல்ல."

வீட்டில் விசாலத்தைக் கேட்டேன். "நீ ரெண்டு வரி எழுதேன். ஃப்ரெண்டு எழுதணுமாம்."

"நான் உங்களுக்கு ஃப்ரெண்டா?" முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "முப்பது வருஷத்துல சொல்லவே இல்லியே, என்னங்க."

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ஐம்பத்து மூன்றாவது இதழை யாருக்குக் கொடுப்பது என்ற யோசனையோடு காவடிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தது அடைக்கலம். கழுத்தில் சிலுவை, தலையில் துண்டு. முன்பு நாங்கள் இருவரும் சேர்ந்து ஊற்றிய பந்தல்தான். வரிசையில் நிற்கும்போது நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நின்றிருப்பேன், தாகம்.

கப்பைக் கையில் கொடுத்தான். முகத்தைப் பார்த்தான். "நகருங்க" என்றான்.

பதினோரு ஆண்டுக்குப் பிறகு ஒரு சொல். அதிலும் மரியாதை. அவன் என்னை வாழ்நாளில் 'ங்க' போட்டதில்லை. தெருவில் நிறுத்தி 'போடா' என்று திட்டியிருந்தால் இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

மோரில் உப்பு சரியாக இருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

மாலையில் விசாலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அடைக்கலம் அண்ணன் வீட்ட வித்துட்டாங்க. பெர்த்துல மககிட்ட போயிர்றாங்களாம். மார்ச் பதிமூணு ஃப்ளைட்டு. இனி வரமாட்டாங்க."

"உனக்கு யார் சொன்னா?"

"ஊரே பேசுது."

ஊர் என்னிடம் பேசவில்லை. படத்தின் முன் போய் உட்கார்ந்தேன். அந்த மூலை காலியாகவே இருந்தது. அறுபத்தொரு இதழ் சிவந்துவிட்டது, ஆனால் கண் அங்கேதான் போகிறது, விழுந்த பல்லின் இடத்துக்கு நாக்கு போவதுபோல். தூரிகையை மையில் தோய்த்து, கிளையின் நுனியிலிருந்து அந்தக் காலி இடத்துக்குள் ஒரு கொம்பை இழுத்துவிட்டேன். மார்ஜினைத் தாண்டி, தாளின் விளிம்பு வரை. எழுத இடமே இல்லை என்றால் யாரும் எழுதத் தேவையில்லை.

சீனத்தாளில் எதையும் அழிக்க முடியாது.

பிப்ரவரி 22, சனி

மிஸ் லூய் படத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"இத எப்போ போட்டீங்க?"

"வியாழக்கிழமை. தவறிப் போயிடுச்சு."

"எட்டு மாசத்துல நீங்க போட்ட ஒரே நல்ல கோடு இதுதான் சிக்கு" என்றார். வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினார். முழங்கையிலிருந்து வந்திருக்கிறதாம், நுனியில் மை வறண்டு வெள்ளை தெரிகிறதாம், அது மூச்சாம். கெட்ட எண்ணத்தில் போட்டது என்று நான் சொல்லவில்லை.

"ஆனா, ஃப்ரெண்டு எங்க நிப்பாரு?" என்று கேட்டுவிட்டு அவரே விரலால் அளந்தார். கொம்புக்கு மேலே மூன்று விரல் இடம் இருந்தது. "போதும். நெருக்கிக்கிட்டு நிக்கலாம். யாருன்னு அடுத்த வாரம் சொல்லுங்க."

மார்ச் 1, சனி

சொல்லவில்லை. முத்திரைக் கல்லை மட்டும் எடுத்து என் பெயரைச் செதுக்கினேன். மூன்றெழுத்துச் சீனப் பெயர்களுக்கு வசதியான கல். 'தனபாலன்' அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. இதழ் எழுபத்தொன்று: யாருமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பட்டியலில் இன்னும் ஒரு பெயர் இருக்கிறது. பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்தே இருக்கிறது.

உண்மைகளை மட்டும் எழுதுகிறேன். பதினோரு ஆண்டுக்கு முன், மே மாதம். தலைமைப் பதவிக்கான வரிசையில் அடைக்கலம் முதல், நான் இரண்டாவது. அவன் எனக்கு மூன்று மாதம் மூத்தவன், அவ்வளவுதான். கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனது. டைப் அடித்தது. பெயரில்லாதது. மூன்று குற்றச்சாட்டுகள், எண் போட்டு. அவற்றுள் முக்கியமானது, அவன் பள்ளி நேரத்தில் பள்ளி அறையில் தனி டியூஷன் எடுக்கிறான் என்பது. அது பொய் இல்லை. எடுத்தான். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, இலவசமாக. 'இலவசமாக' என்ற சொல் கடிதத்தில் இல்லை.

பக்கத்து ஊர் கமுந்திங் வரை பஸ்ஸில் போய், அங்கே தபால் பெட்டியில் போடப்பட்டது.

வாக்கியம் செயப்பாட்டு வினையில் முடிந்திருக்கிறது. என் மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையில் கேட்டிருப்பேன்: யாரால்?

என்னால்.

மார்ச் 8, சனி

மிஸ் லூய் கடைசித் தடவையாகக் கேட்டார். "ஒருத்தர் இருக்கார்" என்றேன். "எழுதுவாரா?" என்றார். பல் பிடுங்கும் முன் 'வலிக்குமா' என்று கேட்பவர்களுக்கு அவர் என்ன சொல்வாரோ, அதையே நானும் சொன்னேன்: "தெரியல."

மார்ச் 9, ஞாயிறு

படத்தைச் சுருட்டி, தூரிகை, மை, அடிக்கோல் எல்லாம் எடுத்துக்கொண்டேன். எழுத்து நேராக வர இரண்டு பென்சில் கோடு போட்டுக் கொடுக்கலாம் என்று அடிக்கோல். சொல்ல வேண்டியதை மூன்று பகுதியாகப் பிரித்து மனப்பாடம் செய்திருந்தேன்.

அடைக்கலம் வீட்டில் அவன் மனைவி ரெஜினாதான் கதவைத் திறந்தது. "வாங்கண்ணே. பசியாறிட்டீங்களா?" என்றது, நேற்றுதான் போய்விட்டு வந்தவனைக் கேட்பதுபோல். வீடு முழுக்க அட்டைப் பெட்டி. அடைக்கலம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க" என்றான்.

நான் உட்காரவில்லை. "அடைக்கலம், முதலாவது..."

"நம்பர் போட்டுத்தான் பேசுவியா?" டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். "அந்த லெட்டர்லயும் போட்டிருந்த. ஒண்ணு, ரெண்டு, மூணு."

"எந்த லெட்டர்" என்று கேட்டேன். மனப்பாடம் செய்ததில் இந்தக் கேள்வி இல்லை. பழக்கத்தில் வந்துவிட்டது.

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "ஆபீசர் என்னைக் கூப்பிட்டு மேசையில வச்சாரு. 'யாரு எழுதினதுன்னு தெரியுமா'ன்னு கேட்டாரு. நான் படிக்கவே இல்லடா தனா. பார்த்தேன், அவ்வளவுதான். இடது பக்கம் செவப்புக் கோடு, ஸ்கேல் வச்சு இழுத்தது, ஒண்ணேகால் அங்குலம். மலாயாவுலேயே மொட்டைக் கடுதாசிக்கு மார்ஜின் போட்டவன் நீ ஒருத்தன்தான்டா."

உள்ளே ரெஜினா பாத்திரம் கட்டுவதை நிறுத்தியது காதில் கேட்டது.

"நீ அவர்கிட்ட என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன்."

"ஏன்?"

"நீயே வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். ஒரு வாரம்னு நெனச்சேன். அப்புறம் ஒரு வருஷம்." பெட்டியைக் காலால் தள்ளினான். "அப்புறம் பழகிருச்சு. கேக்கு மட்டும் இவ நிறுத்த மாட்டேன்னுட்டா."

நீல டப்பா. நான் சுவரைப் பார்த்தேன். அதில் படங்கள் கழற்றிய ஆணிகள் மட்டும் இருந்தன.

"விசாலத்துக்கும் தெரியுமா?"

"பதினோரு வருஷமா தெரியும்ணே" என்றது ரெஜினா, உள்ளிருந்து.

"நான்தான் எழுதினேன்" என்றேன். எல்லாருக்கும் தெரிந்த செய்தியைக் கடைசியாகச் சொன்னேன். வரலாற்று ஆசிரியர்களின் வழக்கம். "தப்பு. இலவசம்ங்கறத வேணும்னே விட்டேன்."

அவன் கையை நீட்டினான். படத்தை விரித்து ஒரு பெட்டியின் மேல் வைத்தேன். குனிந்து மார்ஜினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி மார்ஜினைப் பார்த்தான். தோள் குலுங்கியது. இந்தத் தடவை சிரிப்பு கொஞ்சம் பரவாயில்லை.

"எனக்குன்னு விட்ட எடம் இதா? இதுலயும் நீயே வந்து உக்காந்துட்டியே."

"மூணு விரல் இருக்கு."

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. அது வேற. எழுதிக் குடுக்கறது வேற."

"சரி."

அடிக்கோலை எடுத்துக் கோடு போடப் போனேன். என் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தன் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டான். பிறகு தூரிகையில் மை தொட்டு, அந்தக் கொம்பின் வளைவை ஒட்டி, அது ஏறும் இடத்தில் ஏறி, சரியும் இடத்தில் சரிந்து எழுதினான்:

கோட்டுக்குள் நின்றதெல்லாம் ஒழுங்கு. கோடு தாண்டிய கிளை ஒன்றே உயிர்.

அறுபதுக்குப் பக்கத்தில் வந்தும் அந்தக் கையெழுத்துக்கு வயதாகவில்லை. தூரிகையைக் கழுவக் கொடுத்தான்.

"பேரு போடலியே" என்றேன்.

"நீ போட்டியா?" என்றான். "உன்னை நான் கண்டுபிடிச்ச மாதிரி என்னை அவங்களும் கண்டுபிடிக்கட்டும். போ. எனக்கு இன்னும் பதினாலு பெட்டி இருக்கு."

நான் ஒன்பது பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். டேப்பை நேராக ஒட்டுகிறேன் என்று திட்டினான்.

மார்ச் 11, செவ்வாய்

எண்பத்தொன்றாவது இதழ். தூரிகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசாலம் பின்னால் வந்து நின்றாள்.

"இன்னைக்கு யாரு பேரு?"

இதழ்களுக்குப் பெயர் வைப்பதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. இந்த நாட்குறிப்பை இனி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும்.

"ஆள் இல்ல" என்றேன்.

"அப்ப சும்மா பூசுங்க. பூதானே."

மார்ச் 13, வியாழன்

மழை. விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டதாம். ஊர் சொல்லவில்லை, விசாலத்துக்கு ரெஜினா அனுப்பிய செய்தியை நேராக எனக்கே காட்டினாள்.

மார்ச் 15, சனி

மண்டபத்தில் மாட்டினார்கள். தியோவின் வெண்டைக்காய்ச் செடிக்கு முன்னால் பெரிய கூட்டம். என் படத்தின் முன் இரண்டு பேர். இருவரும் ஓரக் கொம்பைத்தான் பார்த்தார்கள். மற்ற எண்பத்தொரு நாள் உழைப்பு அருகிலேயே இருந்தது.

கீழே மலாயில் எழுதிய சின்ன அட்டை. வரைந்தவர்: தனபாலன். எழுதியவர்: பெயர் தெரியவில்லை.

"பேரு போடல, முத்திரையும் இல்ல. நான் என்ன எழுதுறது சிக்கு?" என்றார் மிஸ் லூய்.

சிவப்புப் பேனாவை எடுத்து 'பெயர் தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, மேலே தமிழில் எழுதினேன்: அடைக்கலசாமி, தமிழாசிரியர். இலவச டியூஷன் எடுத்தவர். மிஸ் லூய்க்குத் தமிழ் தெரியாது. கடைசிச் சொற்களுக்கு என்ன பொருள் என்று கேட்டார். பட்டம் என்றேன். அடித்த கோடு கோணலாகப் போய்விட்டது, எழுத்தும் மேலே ஏறிவிட்டது. அடிக்கோல் இல்லாமல் எனக்கு ஒன்றும் நேராக வராது.

அது என் முதல் சம்பளத்தில் வாங்கியது. கேட்காமல் பையில் போட்டுக்கொண்டு ஒருவன் கடல் தாண்டிப் போய்விட்டான். இதை இப்படியே விட முடியாது. பெர்த்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். விசாலம் முகவரியைக் குறித்துக் கொடுத்துவிட்டாள். தாளும் எடுத்து வைத்தாயிற்று.

மார்ஜின் போட வழியில்லை. பெயரைத்தான் போட வேண்டும்.